ஏகாம்பரத்தை யார் உக்கார வைக்கிறது?

பாஸ்கெட்பால் டீமுக்கு மானேஜரா இருக்கறது மாப்பிள்ளைத் தோழனா இருக்கற மாதிரி: மாலை நமக்கு இல்ல, ஓட்டம் மட்டும் நமக்கு. ஏதாவது ஒரு சங்கத்துல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அப்போ யுத்த காலம். பந்துக்குள்ள காத்தடைக்கற ரப்பர் ப்ளாடர்கூட கெடைக்கல. ஆனா எங்க மயிலாப்பூர் டீமுக்கு ஏகாம்பரம் இருந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர். ஒரு காலத்துல அவர் எகிறினா காக்கா வழி விடும். நாப்பதைத் தாண்டினப்புறம் காக்கா அவரைக் கண்டுக்கறதே இல்ல. பெஞ்சுல பஷீர்னு ஒரு நல்ல ஆட்டக்காரன் காஞ்சுக்கிட்டிருந்தான். ஏகாம்பரம் உக்காந்தாத்தான் அவனுக்கு இடம். ஆனா கூட்டம் வர்றதே ஏகாம்பரத்துக்காக. அவர்கிட்ட யார் சொல்றது?

வளையத்தை இறக்கினோம்

கமிட்டி கூடிச்சு. தலைவர் வக்கீல். தொண்டையைக் கனைச்சுக்கிட்டுச் சொன்னார்: "அவரால எகிற முடியலைன்னா வளையத்தை அரை அடி இறக்குங்கோ. நாம போடற பக்கம் மட்டும். அவாளுக்கு எதுக்கு நாம உபகாரம் பண்ணணும்?" எல்லாரும் தலையாட்டினோம். ராவோட ராவா ஆணியைப் பிடுங்கி இறக்கியாச்சு.

மறுநாள் தி.நகர் டீமோட மாட்ச். முதல் பாதியில ஏகாம்பரம் போட்டதெல்லாம் விழுது. ஜனங்க விசில். தலைவர் என்னைப் பாத்து மீசையைத் தடவினார். இடைவேளை முடிஞ்சு அம்பயர் ஊதினார். ரெண்டு டீமும் பக்கம் மாறிக்கணும்ங்கறது அப்பத்தான் கமிட்டிக்கு ஞாபகம் வந்தது. தி.நகர்ல இருந்த குள்ளப் பையன்கூட பந்தை அலமாரியில டப்பா வைக்கற மாதிரி வெச்சுட்டுப் போனான். ஆட்டம் முடிஞ்சதும் அவங்க காப்டன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

"சார், அடுத்த மாட்சையும் உங்க கிரவுண்டுலயே வெச்சுக்கலாமே!"

நிக்க வெச்சோம்

அடுத்த யோசனை: ஓட விடாதே, வளையத்துக்குக் கீழயே நிக்க வை. பந்து அவரைத் தேடி வரட்டும். வளையத்தடியில மூணு எண்ணறதுக்குள்ள நகரணும்னு சட்டம் இருக்கே, அது வக்கீலோட சட்டப் புஸ்தகத்துல இல்லபோல. ஏகாம்பரம் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி நின்னார். விசில் ஊதி ஊதி அம்பயருக்குக் கன்னம் வீங்கிச்சு. கடைசியில என்கிட்ட வந்தார்.

"ஐயா, இவரு ஆட வந்தாரா, குடித்தனம் பண்ண வந்தாரா?"

வக்கீல் குரல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, யார் குரல்லயும் பேசுவேன். தலைவர் என்னைத் தனியா கூப்பிட்டார். "நீரே சொல்லிடும் ஓய். ஆனா என் குரல்ல சொல்லும். நான் சொன்னதாவும் இருக்கும், நான் சொல்லாததாவும் இருக்கும்."

ஏகாம்பரம் உடுப்பு மாத்திக்கிட்டிருந்தார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்னு, தொண்டையைக் கனைச்சு, "ஏகாம்பரம், கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துண்டா என்ன?"ன்னேன். உள்ளேர்ந்து ஒரு சிரிப்பு.

"கொரலு அச்சு அசலா கீது நைனா. ஆனா இத்த சொல்ற தைரியம் அந்தாளுக்கு ஏது?"

லேசு

சீசன்ல கடைசி மாட்ச். ஆட்டத்துக்கு முன்னாடி பசங்கல்லாம் சுத்தி உக்காந்திருக்க, ஏகாம்பரம் சொன்னார்: "எல்லார் மாதிரியும் செஞ்சு காட்றியே, என்னிய மாதிரி செஞ்சு காட்டேன்."

செஞ்சேன். ரெண்டு எட்டு ஓடி, எகிறி, இறங்கி, முழங்காலைப் பிடிச்சேன். யாராவது பாத்தாங்களான்னு நைசா ஒரு பார்வை. அப்புறம் அவிழாத ஷூ லேசைக் குனிஞ்சு கட்டற சாக்குல மூச்சு வாங்கினேன். பசங்க உருண்டாங்க. பஷீர் மட்டும் சிரிக்காம தரையைப் பாத்தான். ஏகாம்பரம்தான் எல்லாரையும்விட பலமா சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருந்தவர், பாதியில நிறுத்திட்டார்.

"அவ்ளோ தெரியுதா?"ன்னு கேட்டார். எந்தக் குரல்ல பதில் சொல்றதுன்னு நான் தேடறதுக்குள்ள அம்பயர் ஊதிட்டார்.

ஆட்டம் ஆரம்பிச்சது. ஒரு தடவை எகிறினார். பந்து வலையில படாமலே தாண்டிப் போச்சு. வழக்கம்போல குனிஞ்சு லேசைப் பிடிச்சார். பிடிச்சவர் நிமிர்ந்து என்னைப் பாத்தார். அம்பயருக்குக் கையைக் காட்டிட்டு, நேரா பெஞ்சுக்கு நடந்து வந்து என் பக்கத்துல உக்காந்தார்.

"பஷீரு, நீ எறங்கு. எனக்கு லேசு கட்ற வேல கீது."

கமிட்டி ஒரு சீசன் பூரா எடுக்காத முடிவை ஒரு மனுஷன் லேசு கட்டற நேரத்துல எடுத்துட்டார், ஆனா எங்க தலைவர் அது தன் யோசனைன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கார், அதுவும் அவரோட சொந்தக் குரல்ல.