எண்பதுகளிலிருந்து என்று எழுதியவன்

ஒகேனக்கல்லில் ஒரு மீன் வறுவல் கடைக்கு வெப்சைட்டும் ஆன்லைன் விளம்பரமும் நான்தான் செய்தேன். கடை திறந்து நாலு வருடம்தான் ஆகிறது. முகப்பில் ‘எண்பதுகளிலிருந்து’ என்று போட்டேன். அதைக் கிரியேட்டிவ் ஸ்ட்ராட்டஜி என்று சொல்லியிருந்தேன்.

இன்று போனபோது கடைக்காரர் பெங்களூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்கப்பா அப்பவே இங்கதாங்க அடுப்பு போட்டாரு.”

அவருடைய அப்பா பென்னாகரம் தாண்டி இண்டூரில் விவசாயம் செய்தவர்.

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறவர் முகமாக இல்லை. நம்பவே தொடங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது.

“அந்த வரிய எடுத்துடலாங்க,” என்றேன்.

“நல்லா ஓடறப்ப எதுக்குங்க? எழுதுனதே நீங்கதான?”

பக்கத்து அடுப்பு மரியக்காவுடையது. நாம் வாங்கிப்போகும் மீனைப் பொரித்துக் கொடுப்பார். உண்மையிலேயே எண்பதுகளிலிருந்து அங்கே இருப்பவர். மதியம் ஆகியும் இன்று அவர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

“எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க தம்பி,” என்றார். “புதுக்கடைன்னே போட்டுடுங்க. பழச அவுரு எடுத்துக்கிட்டாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். வெப்சைட்டின் பாஸ்வேர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த வரியை அழித்தால் கடைக்காரர் அடுத்த வேலையைத் தரமாட்டார்.

பென்னாகரம் வருவதற்குள் சொல்லுங்கள், நீங்கள் அழிப்பீர்களா? ‘ஆமாம்’ என்று உடனே சொல்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.