போடிமெட்டில் இத்தாலிச் சாப்பாடு

“போடிமெட்டில் அசல் இத்தாலிச் சாப்பாடு போடுகிறார்கள், நம்பாவிட்டால் வந்து பார்” என்று நண்பர் எழுதிய கடிதத்தில் 4-2-1981 என்று தேதி இருக்கிறது. சரியாக எட்டு நாள் கழித்து, வியாழன் காலை, அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைக்காரர் காதர் பாய் இத்தாலியக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கோதுமை மாவைத் தேய்த்து, நூலாக நறுக்கி, கொடிக்கயிற்றில் காயப்போட்டிருக்கிறார். போன வாரம் யாரும் அதைத் தொடவில்லை. இன்றும் மிஞ்சினால் நாளை முதல் பரோட்டாதான் என்று சொல்லிவிட்ட அவர் மனைவி, சாக்பீசும் கையுமாகக் கடைப் பலகையருகே நிற்கிறார்.

ஏலத்தோட்டத்து ஜீப்பு வந்து நிற்கிறது; வேலையாட்கள் இறங்கி வந்து உட்கார்கிறார்கள். பூண்டும் தக்காளியும் மணக்க, இலைகளில் ஸ்பெகட்டி விழுகிறது. எனக்குக் கை பரபரக்கிறது. எதிரே உட்கார்ந்த தோட்டத் தொழிலாளிப் பெண் ஒரு வாய் மென்று நிமிர்கிறாள்.

“என்ன பாய், இடியாப்பம் வேகவே இல்ல?”

“வேகக் கூடாது ஆத்தா. பல்லுல தட்டுப்படணும். இத்தாலிக்காரன் பக்குவம் அதான்.”

“ஏன், அவுக ஊர்ல வெறகுக்குப் பஞ்சமா?”

ஜீப்பே சிரிக்கிறது. பாயின் முகம் சுருங்குகிறது. அவளோ பிசைந்து பிசைந்து இலையை வழித்துவிட்டு, “நல்லாத்தேன் இருக்கு. இன்னுங் கொஞ்சம் கொண்டா, வெரசா, ஜீப்பு கெளம்பீரும்” என்கிறாள். மற்றவர்களும் கேட்கிறார்கள். பாய் அடுப்புக்கு ஓடுகிறார்.

மனைவி சாக்பீசை வைத்துவிட்டு என் பக்கம் குனிகிறார். “இன்னைக்கு வெறகு ஈரம்ணே. வெளிய சொல்லிப்புடாதீக.”

நானும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறேன். பல்லில் தட்டுப்படுவது இத்தாலிப் பக்குவமா, ஈர விறகா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.