படத்துக்கு நின்ற மருதாயி

பத்திரிகையில் படம் வந்த அன்று நடுவட்டத்து ரோட்டோர டீக்கடையில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கடைக்காரி அருக்காணி பேப்பரை மேசையில் விரித்து வைத்திருந்தாள். கூடலூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். இடுப்பில் சாக்கு, தலையில் முக்காடு, கையில் தேயிலைச் செடியைக் கழித்து வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கீழே, 'ஆணுக்கு நிகராகக் கவ்வாத்து வெட்டும் வீரப்பெண்' என்று கொட்டை எழுத்து. அது எழுபத்தைந்தாம் வருஷம். இது பெண்களின் வருஷம் என்று உலகமே அறிவித்துவிட்டு, அதற்குத் தோதான படம் தேடிப் பத்திரிகைக்காரர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள்.

"பொம்பள கத்தி எடுத்தா அப்பறம் ஆம்பள கூடை தூக்கோணுமா?" என்றார் ஒரு லாரிக்காரர்.

"தூக்குனா என்னங்க, முதுகு தேஞ்சா போயிரும்?" என்றாள் அருக்காணி. "ஏனுங்க, அந்தப் புள்ள எப்புடி மொறைச்சுட்டு நிக்குது பாருங்க. பேப்பர்ல வர்ற பொம்பளைக அத்தன பேரும் பல்லக் காட்டுவாங்க. இவ சிரிக்கவே இல்லீங்க."

சிரிக்க அவளுக்கு என்ன இருந்தது?

மருதாயி, அவள் புருஷன் அய்யாவு இரண்டு பேரும் சிலோனிலிருந்து வந்தவர்கள். ஹட்டன் பக்கம் பிறந்து, கொழுந்து பறித்து, கல்யாணம் கட்டி, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கப்பலேற்றிவிடப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து சீரழிந்து, கடைசியில் நடுவட்டத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். எஸ்டேட் பெயர் வேண்டாம்; சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. முகாமில் கண்ட காய்ச்சலுக்குப் பிறகு அய்யாவுக்கு வலிப்பு ஒட்டிக்கொண்டது. காலையில் நன்றாகத்தான் இருப்பான். மத்தியானம் தாண்டினால் எப்போது விழுவான் என்று சொல்ல முடியாது. போன மாசம் அடுப்பில் விழுந்தான். அவள் அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தியில் வந்து பார்த்தால், வலது கை வெந்து தோல் உரிந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஒன்னையத்தான் கூப்புட்டேன்" என்றான்.

திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான்: மத்தியானம் வீட்டில் இருக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அந்திச் சங்கு ஊதும்வரை வேலை. கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு அப்படியில்லை. ஆளுக்கு இத்தனை செடி என்று வரிசையாக நிரை பிரித்துக் கொடுப்பார்கள். தன் நிரையை முடித்தவன் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருப்பான், முழுநாள் கூலிக்கே பேரும் பதிவாகும். சிலோனிலும் அதுதான் வழக்கம், இங்கேயும் அதுதான். பெண்ணுக்கு ஏன் அது இல்லை என்று யாரும் கேட்டதில்லை. மருதாயி கேட்டாள். கவ்வாத்து ஆட்களுக்குத் தலைவரான ராசு கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியாத்தி! நாளைக்கு மீச வேணும்னு கேப்ப போல இருக்கே. போ, போய்க் கொழுந்த எடு."

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மலையடிவாரத்தில் கவ்வாத்து ஆட்கள் ஒரு கல் நட்டு அதைக் கவ்வாத்துச் சாமி என்று கும்பிட்டு வந்தார்கள். கத்திகளைக் கல்லின் முன் அடுக்கி, மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டிய பிறகுதான் ஆண்கள் வேலைக்கு இறங்குவார்கள். அந்தக் கத்தியைப் பெண் தொடக்கூடாது. மருதாயியைப் போலவே ஆடுமாடு, சட்டிபானை எல்லாவற்றையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த சிலோன்காரர்கள், இந்த ஒன்றை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜூடித் என்ற பத்திரிகைக்காரப் பெண் படம் பிடிக்கிறவரோடு வந்து இறங்கினாள். கூடையோடு சிரிக்கிற படம் ஆயிரம் பார்த்தாயிற்று, புதிதாக ஏதாவது வேண்டும் என்றாள். எஸ்டேட் துரைக்கு மூக்கு வியர்த்தது. ஒரு பெண் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். பெண்கள் எல்லாம் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்தார்கள். மருதாயி மட்டும் நேராகக் கல்லடிக்குப் போய், முன்னால் கிடந்த கத்தியை எடுத்தாள். அது கவ்வாத்து ஆள் பழனியாண்டியின் கத்தி.

"படத்துக்கு நிக்கிறேங்க. வேலையும் குடுப்பீங்களா?" என்று ஜூடித்தை வைத்துக்கொண்டே துரையைக் கேட்டாள்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று துரை சிரித்தார்.

கத்தியோடு பேப்பரில் வந்துவிட்டால் பிறகு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு அவளையே கடிக்க வந்தது. பேப்பர் வந்த மறுநாள் பழனியாண்டிக்குக் கத்தி நழுவி, முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டிவிட்டது.

அவ்வளவுதான். லயமே பற்றிக்கொண்டது. பொம்பளை தொட்ட கத்தி, சாமிக் குத்தம், இனி யார் காலுக்கோ என்று ஆண்கள் வேலையில் இறங்க மறுத்தார்கள். குழாயடியில் அவள் குடத்தை ஒருத்தி காலால் தள்ளினாள். அய்யாவு படுத்திருந்த காம்பராவின், அந்த ஒற்றை அறையின், தகரக் கூரையில் கல் விழுந்தது. மருதாயி வெளியே வந்து நாலு வீடு கேட்க ஏசிவிட்டு, உள்ளே போய்த் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். பயம்தான். ஊரே எதிர்த்து நின்றால் எங்கே போவது? திரும்பிப் போகக் கப்பல் கிடையாது.

துரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். ராசு கங்காணியும் அங்கே நின்றார்.

"இதோ பாரு மருதாயி. நாளைக்குக் காலையில அந்தக் கல்லு முன்னாடி தேங்காய் உடைச்சு, தப்புதான், இனிமே தொடமாட்டேன்னு சொல்லிடு. இவங்க வேலைக்கு இறங்கிடுவாங்க."

"சரிங்க."

"மத்தியானத்துக்கு மேல கோயமுத்தூர்லேர்ந்து கம்பெனிப் பெரியவங்க வர்றாங்க. பேப்பர்ல பார்த்துட்டு உன்னைப் பார்க்கணுமாம். அப்ப மட்டும் கத்தியைப் பிடிச்சுட்டு நில்லு. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

காலையில் தொட்டது தப்பு என்று அழவேண்டும், மத்தியானம் அதையே தொட்டுக்கொண்டு சிரிக்கவேண்டும். வேலை? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கங்காணியைப் பார்த்தாள். அவர் சாமி கீமி எல்லாம் மறந்தவர் போலக் கூரையைப் பார்த்தார்.

"அப்ப மத்தியானம் தொட்டா சாமி கண்ண மூடிக்குமா கங்காணி?" என்றாள்.

"வாய அடக்கு. ஒத்துக்கலைன்னா ஒனக்கும் ஒன் புருஷனுக்கும் இங்க காம்பரா இல்ல, பாத்துக்க" என்றார் கங்காணி. துரை அதை மறுக்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மன்னிப்புக் கேட்டுரு புள்ள. எனக்காக நீ ஏன் அடி வாங்கணும்?"

"ஒனக்காகன்னு யாரு சொன்னா? நீ கூப்புடுறது கேக்காம நான் மலையில நின்னேனே, அது எனக்குத்தான் நெஞ்ச அறுக்குது" என்றாள்.

மறுநாள் காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கல்லைச் சுற்றி ஆண்கள், கொஞ்சம் தள்ளிப் பெண்கள். பழனியாண்டியைக் கட்டுப் போட்ட காலோடு ஒரு பெட்டி மேல் உட்கார வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. மருதாயி தேங்காயோடு வந்தாள். ஒரே போடாய் உடைத்தாள். கற்பூரம் சாரலில் அணைந்து, திரும்ப ஏற்றவேண்டி வந்தது.

"சாமி, பழனியாண்டி அண்ணன் காலு ஆறணும்" என்று கும்பிட்டு எழுந்தாள்.

"தப்புன்னு சொல்லு" என்றார் கங்காணி.

அவள் தேங்காய் மூடிகளைக் கல்லின் முன் வைத்தாள்.

"சொல்லுடின்னா!"

"எம் புருஷன் அடுப்புல விழுந்தானே, அன்னைக்கு நான் எந்தக் கத்திய தொட்டேன்?" அவள் சுற்றி நின்ற ஆண்கள் பக்கம் திரும்பினாள். "கொழுந்துதான் எடுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்ன வேலையத்தான் செஞ்சேன். அந்தக் குத்தத்துக்கு யாரு வந்து தேங்கா ஒடைச்சீங்க? ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தீங்களா? எனக்குப் பேப்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு நிரையக் குடுங்க. வெட்டி முடிச்சுட்டு, ஒங்க மாதிரி மத்தியானம் வீட்டுக்குப் போறேன். வெட்ட முடியலைன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு நானே போயிர்றேன்."

"பேச்சப் பாரு! இவள இழுத்துத் தள்ளுங்கடா" என்று கங்காணி பாய்ந்தார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். மருதாயி கல்லை ஒட்டி நின்றுகொண்டாள். காலடியில் தேங்காய்த் தண்ணீர் மண்ணோடு குழைந்து கிடந்தது. பெண்கள் இன்னும் தள்ளிப் போனார்கள்.

"விடுங்கப்பா" என்றான் பழனியாண்டி.

யாரும் அவன் பேசுவான் என்று நினைக்கவில்லை.

"மழையில பிடி வழுக்கிச்சு. ரெண்டு நாளா பிடிக்குச் சாக்கு சுத்தணும் சுத்தணும்னு சோம்பேறித்தனமா இருந்துட்டேன். நீங்க சாமிக் குத்தம்னதும், நமக்கென்னன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்." அவன் அவளைப் பார்க்காமல் கத்தியை நீட்டினான். "எந் நிரை சும்மாதானே கெடக்கு. வெட்டட்டும்."

அடிபட்டவனே சொன்ன பிறகு கங்காணி என்ன பேச முடியும்? "முடிக்காட்டிக் கூடையும் கெடையாது, காம்பராவும் கெடையாது. எல்லாரும் கேட்டுக்குங்க" என்று மட்டும் கத்தினார்.

அவள் கத்தியின் பிடியில் முந்தானைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். சாமிக் குத்தம் இல்லை என்றான பிறகு ஆண்களும் தங்கள் நிரைகளில் இறங்கினார்கள். விறகுக்கு வெட்டிப் பழகிய கைதான். ஆனால் கவ்வாத்து, விறகு வெட்டுவது போல இல்லையே. கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்து, பட்டை கிழியாமல் ஒரே வீச்சில் சாய்வாக அறுக்கவேண்டும். இரண்டு வீச்சுக்கு ஒரு தடவை கங்காணி பின்னால் வந்து குனிந்து பார்த்தார். முதல் செடிகளில் பட்டை கிழிந்தது, திட்டினார். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. இரு பக்கத்து ஆண்களும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவன் பாட்டு வேறு பாடினான். அவர்கள் முடித்துக் கத்தியைத் தோளில் போட்டபோது அவளுக்கு நிரையில் கால்வாசி பாக்கி. போகாமல் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடித்துணி சிவந்தது. கடைசிச் செடியை அறுத்தபோது அவளால் நிமிர முடியவில்லை. அப்படியே குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

கங்காணி கடைசி வெட்டைத் தடவிப் பார்த்தார். பட்டை கிழியவில்லை. திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

அவள் வீட்டுக்குப் போனபோது அய்யாவு கதவோரம் உட்கார்ந்திருந்தான். பகல் வெளிச்சத்திலேயே அவளைப் பார்த்ததும் பதறினான். "வெரட்டிட்டாங்களா?"

"முடிச்சுட்டேன்" என்றாள். சோறு வடித்து, ரசத்தை ஊற்றிச் சூடாகத் தட்டில் வைத்தாள். கை எரிந்ததால் கரண்டியை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. அவன் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. ராசு கங்காணி மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தார்.

"மருதாயி, வா, வா. பெரியவங்க வந்துட்டாங்க. தொரை குதிக்கிறாரு. அந்தப் படத்த முடிச்சுட்டு வந்துரு. வராட்டி எம் பொழப்பும் போச்சு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அய்யாவின் கையிலிருந்து தட்டு நழுவியது. கண் செருகி, உடம்பு முறுக்கி, அடுப்புப் பக்கம் அப்படியே சாய்ந்தான். மருதாயி பாய்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "இவன் கால இழுத்து வைங்க கங்காணி, நெருப்பு!" என்று கத்தினாள். அவர் குழம்பிப் போய், செருப்புக் காலோடு உள்ளே வந்து, உதைத்துக்கொண்டிருந்த கால்களை அடுப்பிலிருந்து இழுத்தார். அவர் வேட்டியெல்லாம் ரசம். அய்யாவு வாயில் நுரை தள்ளி, முனகி, மெல்ல மெல்ல அடங்கினான். அவள் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

கீழே ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது.

கங்காணி அவள் உள்ளங்கையைப் பார்த்தார். அய்யாவின் வெந்த கையைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், ஜீப் டிரைவரைப் பார்த்து லயமெல்லாம் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

"தொரைக்கிட்ட போய்ச் சொல்லுப்பா! கவ்வாத்து ஆளுங்க எல்லாரும் வேலைய முடிச்சுட்டு வீட்டுக்குப் போயாச்சு!"