அண்ணன் போடாத ஊசி

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, தடுப்பூசி போட்ட வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை மறுபடி நாட்டுக்குள் விட ஆரம்பித்த 2021-ஆம் வருடக் கடைசியில் நடந்தது இது. எனக்கு ஊர் பழவேற்காடு பக்கத்தில் கோட்டைக்குப்பம். பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அப்போதும் அங்கேதான் இருந்தேன். இந்த விஷயத்தை வெளியாட்களில் ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லும்படியாக நான் எதுவும் சாதித்துவிடவில்லை.

சொல்வதென்றால் அதற்குச் சில மாதம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நர்சம்மா ஊசி போட, வந்தவர்களின் ஆதார் நம்பரையும் போன் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் போதவில்லை. டிகிரி படித்த பொண்ணு என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஊரே வரிசையில் நின்று என்னிடம் பேர் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைப் படிக்க வைத்த என் அண்ணனும் அந்த வரிசையில் நின்றான். நைனா போன பிறகு எனக்கு எல்லாமே அவன்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற நல்ல இடங்களுக்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். சீட்டுப் போட்டு வரிசை வைப்பார்கள். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் இன்றைக்கு உன்னுடையது. நீ போகவில்லையா, அந்த நாள் போனதுதான். அடுத்த முறை வரிசை சுற்றி வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அண்ணன் தன் பாடு நாளை ஒரு தடவைகூட விட்டவன் கிடையாது. அண்ணிக்கு இடுப்பு வலி கண்ட அன்றைக்கும் வலை கட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அண்ணி பத்து வருடம் அவனை வறுத்தெடுத்திருக்கிறாள்.

என் மேஜைக்கு வந்ததும் குனிந்து காதோடு சொன்னான். "நாளைக்கு என் பாடு பாப்பா. இப்ப ஊசி போட்டா ரெண்டு நாளு ஜொரம் அடிக்கும்னு சொல்றாங்கோ. நீ போட்டாச்சுன்னு எழுதிக்கோ. அடுத்த வாரம் நானே வந்து கைய நீட்றேன்."

கெளுத்தி முள் குத்தி உள்ளங்கை கிழிந்தபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்த ஆள். ஊசிக்குப் பயந்தவன் இல்லை, காய்ச்சலில் பாடு போய்விடுமே என்றுதான் பயந்தான். அதே சமயம் ஊசி போட்டதாகப் போனுக்கு வரும் மெசேஜும் அவனுக்கு வேண்டியிருந்தது; பாடு இல்லாத நாளில் அவனும் ஏரியில் ஆள் ஏற்றுவான். ஏரியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிற படகுக்காரர்கள், மெசேஜ் இருப்பவர்தான் ஆள் ஏற்றலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தி நர்சம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு அழுகிற பெண்ணைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு டிக் அடித்தேன். அவ்வளவுதான் வேலை. அண்ணன் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டான்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பேர் ஏறிவிட்டதே, இனி அவன் உண்மையிலேயே போட்டுக்கொள்ள வந்தாலும் என் பொய் வெளியே வந்துவிடும். நானும் அவனைக் கேட்கவில்லை. இரண்டாவது தவணை முகாமின்போது அவன் ஏரியில் இருந்தான். அவன் வராமலே டிக் அடித்தேன். இந்தத் தடவை நர்சம்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பரில் ஒரு வெளிநாட்டு அம்மா வந்தார். நெதர்லாந்துக்காரர், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இங்கேயுள்ள டச்சுக்காரர் கல்லறைகளையும் ஏரியில் பூநாரைகளையும் பார்ப்பதற்காக இரண்டு வருடம் முன்பே டிக்கெட் போட்டு, கொரோனாவால் வர முடியாமல் போய், கதவு திறந்ததும் ஓடி வந்தவர். அத்தனை நாள் சும்மா கிடந்த படகுத்துறையில் முதல் வெள்ளைக்காரரைப் பார்த்ததும் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு ஆள் ஏற்றுகிற முறை அண்ணனுக்கு. இங்கிலீஷ் பேச என்னையும் கூட்டிப் போனான்.

அந்த அம்மா இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார். படகில் ஏறும் முன்னால் தன் சான்றிதழை எடுத்து எங்களிடம் காட்டினார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, உங்களுடையதைப் பார்க்கலாமா, வீட்டில் உடம்பு முடியாத அக்கா இருக்கிறார், அதனால் கேட்கிறேன் என்றார். நான் என்னுடையதைக் காட்டினேன். என்னுடையது உண்மை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பிடித்த மீனைக் காட்டுகிற மாதிரி சிரித்துக்கொண்டே நீட்டினான். அவர் பார்த்துவிட்டு நன்றி சொன்னார். படகு கரையை விட்டதும் இரண்டு முகக்கவசத்தையும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காற்று அடிக்கிறது, தூசி என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்.

மூன்று மணி நேரம் ஏரியில் சுற்றினோம். எட்டத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதுவிட்டார். அண்ணன் பதறிப்போய், "இன்னா பாப்பா, இன்னாத்துக்கு அழுவுறாங்கோ?" என்று கேட்டான். சந்தோஷம் என்றேன். பறவையைப் பார்த்து அழுகிற ஆளை அவன் அதுவரை கண்டதில்லை. படகை இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கொண்டுபோனான். அவர் கொடுத்த பிஸ்கட்டை ஒரே பாக்கெட்டிலிருந்து மூவரும் தின்றோம். திரும்பும்போது அவனைப் படகின் முனையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். அவன் லுங்கியை இறக்கிவிட்டு, தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு நின்றான்.

நான்காம் நாள் சென்னை ஹோட்டலிலிருந்து அவர் எனக்குப் போன் செய்தார். தொண்டை கட்டியிருந்தது. டெஸ்ட் எடுத்ததில் கொரோனா என்று வந்துவிட்டதாம். ரொம்ப மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் இருவரும் ஊசி போட்டவர்கள் என்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இருந்தாலும் உடனே டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு படகுக்காரனுக்காகக் காய்ச்சலோடு போன் செய்து சொல்ல வேண்டும் என்று அவருக்கு என்ன வந்தது? செய்தார்.

நான் கடையை விட்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் படுத்திருந்தான். உடம்பு வலி, இருமல். தண்ணீரில் நின்றது என்றான். அதற்கு நாலு நாள் கழித்து அவனுடைய பாடு. டெஸ்ட் எடுத்தால் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள், அதெல்லாம் பாடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். அண்ணி அவர்களைப் பார்த்துச் சொன்னாள். "அதான் ரெண்டு ஊசியும் போட்டாச்சே. ஒன்னும் ஆவாது."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். என் முகத்தைத்தான் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாதே என்று பார்த்தானா, சொல்லிவிடு என்று பார்த்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், ஊர் காறித் துப்பும் என்று என்னென்னவோ மனசில் ஓடியது. ஆமாம் அண்ணி, ஒன்றும் ஆகாது என்று நானும் சொன்னேன். கஷாயம் வைத்துக் கொடுத்தேன். எனக்கு டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதுவே அவனுக்கும் ஒன்றும் இருக்காது என்பதற்குச் சாட்சி மாதிரி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பாடு நாளன்று எழுந்து போய் வலையும் கட்டினான். திரும்பி வந்தவனால் படகிலிருந்து இறங்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. சர்க்கரை வியாதி வேறு. பொன்னேரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஊசி போட்டாச்சா என்று கேட்டார். அண்ணி புடவைத் தலைப்பிலிருந்து அவன் போனை எடுத்துச் சான்றிதழைக் காட்டினாள். டாக்டர் தலையாட்டிவிட்டு நடந்தார். நான் வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடி, அண்ணிக்குக் கேட்காத தூரத்தில் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்பக் களைத்துப் போன மனிதர். "இத நாலு நாள் முன்னாடி வீட்ல சொல்லியிருக்கணும்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டான். உடம்பை ஊருக்குக் கொண்டுவரவில்லை.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. ஆனால், போடவில்லை என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த நாலு நாள் வீணாகியிருக்காது. அது எனக்குத் தெரியும்.

ஊர் வேறு கதை பேசியது. ரெண்டு ஊசி போட்ட ஆளே போய்ட்டான், அப்புறம் எதுக்கு ஊசி என்றார்கள். வெளிநாட்டுக்காரங்களை உள்ளே விட்டதுதான் தப்பு என்றார்கள். கொஞ்ச நாள் வெள்ளைத் தோலைப் பார்த்தாலே படகுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பூஸ்டர் ஊசி முகாமுக்கு எங்கள் குப்பத்திலிருந்து விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் போனார்கள். எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த நெதர்லாந்து அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு மெயிலில் விசாரித்தார். அண்ணன் இறந்ததை எழுதினேன். ஊசியைப் பற்றி எழுதவில்லை. நான் வந்திருக்கக் கூடாது, பறவை பார்க்கிற ஆசையில் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் படகுப் போட்டோவோடு ஒரு மெயில் அனுப்புவார். அவர் அதற்குப் பிறகு எங்கேயும் பயணம் போகவில்லையாம். உண்மையில் யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது என்றே தெரியாது. அவனுக்கு முதலில் வந்து, அவனிடமிருந்து அவருக்குப் போயிருக்கவும் கூடும். அதைக்கூட நான் எழுதவில்லை.

மூன்றாவது டிசம்பர் மெயில் வந்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய பாடு முறையை ஊர்க்கூட்டத்தில் அண்ணிக்கே விட்டிருந்தார்கள். பங்காளி ஒருவர் அவனுக்குப் பதிலாக வலை கட்டி, வந்த இறாலில் பங்கு கொண்டுவந்து தருவார். அன்றைக்கு அந்தப் பங்கு வந்திருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் பாப்பா. முகாமுக்குப் போன அத்தினி ஆம்பளையும் மறுநாளு கையத் தூக்க முடியாம கெடந்தானுங்க. உங்கண்ணன் மட்டும் ரெண்டு கையாலயும் வல இழுத்துனு வந்தாரு. அன்னிக்கே கேட்டேன், சொல்லிட்டாரு."

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் ஏன் அந்தச் சான்றிதழைக் காட்டினாய் என்று கேட்டேன். அவள் கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள்.

"ஊசி போடலன்னு தெரிஞ்சா எழுதுனது யாருன்னு கேப்பாங்க. உன்னப் புடிச்சினு போயிடுவாங்கன்னு பயந்துட்டேன். வீட்லயும் அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். உன்னக் காட்டிக் குடுத்தா அவரு என்னைய மன்னிக்கவே மாட்டாரு."

அவனும் அவளும் என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நானும் என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தேன். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், நடுவில் படுத்திருந்தவனைச் சாகவிட்டோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் அழுதோம். அந்த இறாலை அடுப்பில் ஏற்ற மனம் வரவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் கடைக்குப் போய் அந்த அம்மாவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். சான்றிதழ் பொய், அதை நம்பித்தான் நீங்கள் முகக்கவசத்தைக் கழற்றினீர்கள், நீங்கள் யாரையும் கெடுக்கவில்லை, நான்தான் உங்களை ஏமாற்றினேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த டிசம்பரும் போய்விட்டது, போட்டோவும் வரவில்லை. கோபமாக இருந்தாலும் சரி, எங்கேயாவது பறவை பார்க்கக் கிளம்பியிருந்தால் போதும்.

இப்போது படகுத்துறையில் மறுபடி வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. அண்ணன் பெயரிலுள்ள பாடு நாளும் முறை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வந்து அந்த ஒரு நாள் போயிருந்தால், அவன் என்னையும் நர்சம்மாவையும் திட்டிக்கொண்டு இரண்டு நாள் பாயில் கிடந்து முனகியிருப்பான். அந்த முனகலை ஒரு தடவை கேட்க முடியாதா என்றுதான் ஒவ்வொரு பாடு நாளிலும் எனக்கும் அண்ணிக்கும் தோன்றுகிறது.