பொறந்த வீட்டு வண்டி: மேனாம்பேட்டிலிருந்து குத்தம்பாக்கம் வரை

காலை ஏழே முக்காலுக்கு மேனாம்பேட்டில் வண்டியை எடுத்தோம். குத்தம்பாக்கத்துக்குக் குறுக்கே போனால் இருபது கிலோமீட்டர், ஆவடி சுற்றிப் போனால் இருபத்தெட்டு. சீர்த்தட்டுக்குப் பூவும் பழமும் ஆவடி மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டும் என்று என் கணவர் தணிகாசலம் பிடிவாதமாகச் சொன்னார். அம்பத்தூரில் பூ கிடைக்காதா என்ன? வண்டியை எட்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓட்ட ஆசை, அவ்வளவுதான். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் நான் கேட்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய வண்டி, ஐந்து வருடம் ஓடியது, முப்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கினார். ஸ்டேஷன் வேகன் என்கிற ரகம். பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காது. கூரை கடைசிவரை போய் அப்படியே கதவாக இறங்கும். நான்கு சக்கரமும் இழுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியின் உடம்பு மேலே எழும்பிக்கொள்ளும். மலையேறுகிற ஜீப் இல்லை. சேறு, சரளை, மழைத்தண்ணீர் நிற்கிற கிராமத்து ரோடு, இந்த அளவுக்குச் செய்த வண்டி. வாங்கி ஒன்றரை வருடமாகியும் இவர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. மண்ரோட்டைப் பார்த்தால் மாமியாரைப் பார்த்த மருமகள் மாதிரி திரும்பிவிடுவார்.

இந்தப் பயத்தால்தான் போன வருடம் இவர் தங்கை செல்வியின் கிரகப்பிரவேசத்தில் வம்பு வந்தது. அவள் வீடு குத்தம்பாக்கத்தில், மெயின்ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கடைசி அரை கிலோமீட்டர் மண்ரோடு. இவர் வண்டியை மெயின்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பால் பொங்கி முடிந்திருந்தது. செல்வி மூன்று மாதம் பேசவில்லை. இன்று அவள் மகள் யாழினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். செல்விக்கு அண்ணன் ஒருவர்தான், ஆகவே யாழினிக்கு மாமன் மடியும் ஒன்றுதான்.

அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டி சி.டி.எச். ரோட்டில் ஏறியதும் வழக்கம்போல நான் வாயடைத்துப் போனேன். இந்த வண்டியைப் பற்றி வீட்டில் ஆயிரம் குறை சொல்வேன். ஏறி உட்கார்ந்துவிட்டால் என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. தோல் இருக்கை முதுகைத் தாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் தண்ணீர் லாரி அடிக்கிற ஹாரன் அடுத்த தெருவில் கேட்பது மாதிரி கேட்கிறது. பின் இருக்கையை மடக்கிவிட்டால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். பதினோரு சீர்த் தாம்பாளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைத்திருந்தேன். திருமுல்லைவாயில் பள்ளங்களைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தேன். ஒரு பாக்குகூட இடம் மாறவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டரைக்கு ஆவடி. மார்க்கெட் ஓரம் நிறுத்திய உடனே பூக்காரம்மா எழுந்து வந்தார். வண்டியின் நீளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரிய மாலையா ரெண்டு எடுத்தாரட்டா நைனா? யாரு தவறுனது?"

என் கணவருக்கு முகம் செத்துப்போனது. "யாரும் தவறல. தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்து."

"அய்ய, தப்பா நெனச்சிக்காத நைனா. பின்னாடி இம்மா நீட்டு கீதா, அந்த வண்டின்னு நெனச்சிகினேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மல்லிகை முழம் முப்பது ரூபாய் என்று பத்து முழம் அளந்தவர், கையகலச் சாமந்தி மாலை ஒன்றைக் காசு வாங்காமல் எடுத்து, வண்டியின் மூக்கில் தன் கையாலேயே கட்டிவிட்டார். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி, மாலை போட்டுகினு போவட்டும்" என்றார். மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. இவருக்கும் முகம் தெளிந்தது.

தெளிந்த முகம் பருத்திப்பட்டு ஏரிவரைகூடத் தாங்கவில்லை. சிக்னலில் வேகம் குறைந்ததும் வண்டி பீப் பீப் என்று அலறியது. எதிரே ஏதோ இடிக்கப் போகிறது என்று திரையில் சிவப்புக் கோடு. எதிரே காலி ரோடு. வேகமாகப் போனால் அடங்கியது, மெதுவாகப் போனால் மறுபடி அலறியது.

"இன்னா மீனா இப்டி கத்துது? சென்சார் போயிட்ச்சா?" என்றார். பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களின் கீழே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஊர்ந்த நேரம் முழுக்க நாங்கள் அந்த அலறலைக் கேட்டோம். நேராக சர்வீஸ் சென்டருக்குத் திருப்பிவிடுவாரோ என்று மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திருமழிசை தாண்டும்போது செல்வி கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, காது குத்துற பத்தர் வந்து குந்திகினு கீறாரு. பத்தரைக்குள்ள வர்லேன்னா எங்கூட்டுக்காரு தம்பி மடில ஒக்கார வச்சி குத்திருவேன். போன தபா மாரி ரோட்டாண்டயே வண்டிய வுட்டுட்டு ஆட்டோல வராத."

இவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஒன்பதே முக்காலுக்குப் புது பஸ் நிலையத்தைக் கடந்து குத்தம்பாக்கத்துக்குள் திரும்பினோம். முதல் ஒரு கிலோமீட்டர் நல்ல தார்ரோடு. அதன் பிறகு ரோட்டைக் காணோம். ராத்திரி பெய்த மழையில் ஏரித் தண்ணீர் வழிந்து ரோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றுபோய், அதன் டிரைவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கரையில் செல்வி வீட்டு வாசலில் கட்டிய வாழைமரம் தெரிந்தது.

இவர் நிறுத்தினார். வண்டி அலறியது.

"வாணாம் மீனா. சென்சார் வேற போயிட்ச்சி. தண்ணில எறக்கனா மொத்தமும் போயிடும். மாப்ளைய டிராக்டர் எடுத்தாரச் சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "சேத்துல போறதுக்குன்னே செஞ்ச வண்டிய வாங்கிட்டு டிராக்டர் கூப்பிடுறீங்களே, உங்க தங்கச்சி முகத்தை எப்படிங்க பார்ப்பீங்க?" என்று கேட்டேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கினேன். ஆழம் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடுவில்கூட முழங்காலுக்கு ஒரு சாண் கீழேதான் தண்ணீர். கீழே கெட்டித் தரை. திரும்பி வரும்போது வண்டியை எதிரே நின்று பார்த்தேன். பூக்காரம்மா கட்டிய சாமந்தி மாலை நெகிழ்ந்து, பம்பரில் காசளவு இருக்கிற சென்சார் புள்ளிகளின் மேல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கையால் தூக்கிப் பிடித்தேன். உள்ளே அலறல் நின்றது. விட்டேன். அலறியது.

இருபத்தைந்து வருடமாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற மனிதர், பூமாலையைக் கண்டு பயந்து டிராக்டரைத் தேடியிருக்கிறார். சொன்னால் மானம் போகும் என்று நினைத்து, மாலையை மட்டும் அவிழ்த்து அவர் கண்முன் காட்டினேன். அவர் மாலையை வாங்கிப் பின்னால் தாம்பாளத்தின் மேல் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் கியர் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

வண்டி எழுந்தது. தண்ணீரைக் கண்டதும் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வாரே, அப்படி, அவசரமில்லாமல் எழுந்தது. பிறகு தண்ணீரில் இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர் விலகிப் போனது. ஓரிடத்தில் பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது. நான் கைப்பிடியைப் பிடிப்பதற்குள் மற்ற சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. ஷேர் ஆட்டோக்காரர் எழுந்து நின்று, "போ மாமே, போய்க்கினே இரு" என்றார். அக்கரை ஏறியபோது கண்ணாடி வரைக்கும் சேறு. இவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடத்தில் இந்த வண்டியில் இவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. இதற்குத்தான் செய்திருக்கிறார்கள் என்று அந்த வண்டியின் மேல் எனக்கும் மரியாதை வந்தது.

பத்தேகாலுக்கு வாசலில் நின்றோம். செல்வி ஆரத்தி எடுத்தாள், முதலில் எங்களுக்கு, பிறகு வண்டிக்கு. மாமன் மடியில் உட்கார்ந்த யாழினி ஒரு காதுக்குப் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது காதுக்கு இவர் கையைக் கடித்துவிட்டாள். இவர் கண் கலங்கியது கடித்ததாலா என்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு செல்வியைச் சமையல்கட்டில் பிடித்தேன். "ஏன் செல்வி, நாங்க வரலைன்னா கொழுந்தனார் மடியில வச்சிருப்பியா?"

"அவருக்கு நான் சொல்லவே இல்ல அண்ணி. காலைலயே வாட்டர் கேன் எடுத்தார அனுப்ட்டேன்." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் நீந்திகினாச்சும் வரும்னு எனக்குத் தெரியாதா? வண்டி வரணும். எங்க தாத்தா அடுத்தவன் வயல்ல நாத்து நட்டவரு. எங்கண்ணன் கார் வாங்கிகிச்சின்னு நான் சொல்லிகினே கீறேன், எங்க மாமியாரு ஜனம் 'எங்க, நாங்க பாத்ததே இல்லியே'ன்னு சிரிச்சிகினே கீது. பொறந்தூட்டு வண்டி என் வாசல்ல நிக்கணும் அண்ணி. அதுக்குத்தான் மெரட்டுனேன்."

போய் இவரிடம் சொன்னேன். இவர் வாசலுக்குப் போய், தெருப்பிள்ளைகள் சேற்றில் விரலால் பெயர் எழுதிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தபடி நின்றார். மறுநாள் கறிச்சோற்றுக்குச் செல்வியின் மாமியார் வழிச் சொந்தம் முழுக்க வரப்போகிறது என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்புகிற நேரத்தில் இவர் சாவியைச் செல்வி கையில் கொடுத்தார்.

"நாளைக்கு சாய்ந்தரம் வந்து எடுத்துக்கறேன். வா மீனா, பஸ்ல போவலாம்."

மாலை நாலரைக்குத் தண்ணீர் வடிந்த ரோட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பஸ் ஏறினோம். எனக்கு டிக்கெட் இல்லை, பெண்களுக்கு இலவசம்; இவருக்குப் பதினைந்து ரூபாய். ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. போகும்போது இதே ரோட்டில் பாக்கு உருளாமல் வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார்.

பூந்தமல்லி வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இந்த ஒன்றரை வருடத்தில் வண்டிக்கு உறை போட்டு மூடாமல் இவர் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை.

"உறையை எடுத்துப் போடச் சொல்லாம வந்துட்டோமேங்க" என்றேன்.

"பின்னாடிதான் கீது. எடுக்க வாணாம்னு செல்விகிட்ட நான்தான் சொன்னேன்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மூடி வச்சா ஊருக்கு எப்டித் தெரியும்?"