ஓர்ப்படியின் ஷூ

ஆஸ்பத்திரியில் ஆயுசில் பாதியைக் கழித்தவள் சொல்கிறேன், பொறாமைக்கு மட்டும் மருந்து கிடையாது. எனக்கு அது முற்றியது ஒரு பொங்கலன்று, என் ஓர்ப்படியின் காலைப் பார்த்து.

அவள் என் கொழுந்தனின் மனைவி. ஊரிலேயே இருந்து, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வயலைப் பார்த்துக்கொள்பவள். நான் தஞ்சாவூரில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், முதல் தடவையாகப் பொங்கலுக்கு வந்திருந்தான். அம்மாவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தான். பெரியம்மாவான எனக்குத் தைலம். தைலம் கொடுக்கிறவன் எனக்கு வலி இருக்கிறது என்று தெரிந்துதானே கொடுத்திருப்பான்? அப்போது ஷூ யாருக்கு வந்திருக்க வேண்டும்?

ஷூ என்றால் பள்ளிப் பிள்ளைகள் போடுகிற ஷூ இல்லை. அடிப்பாகம் மட்டும் கல்யாண வீட்டு இட்லி இரண்டை அடுக்கி வைத்த கனம். நீலமும் ஆரஞ்சுமாக, முனை தூக்கிக்கொண்டு, பார்க்கவே கோமாளித்தனமாக இருந்தது.

"என்னடா இது, கால்ல மெத்தையக் கட்டிக்கிட்டு நடக்கணுமா?" என்று அவளே சிரித்தாள். சிரித்தபடியே போட்டுக்கொண்டு வாசலில் நாலடி நடந்தாள். சிரிப்பு நின்றது. திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா, காலே இல்லாத மாதிரி இருக்குக்கா" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. வார்டில் எங்களுக்கு நாற்காலி உண்டு, உட்கார நேரம் கிடையாது. டூட்டி முடிந்து பஸ் படியில் கால் வைத்தால் குதிகாலில் ஆணி இறக்குவது போல இருக்கும். காலே இல்லாத மாதிரி ஒரு நாள் இருந்தால் போதும் என்று சாமியிடம் கேட்டவள் நான். நடவுக்கும் களைக்கும் குனிந்து குனிந்து அவளுக்கும் முட்டி தேய்ந்திருந்தது உண்மைதான். அந்த உண்மையை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. இப்போதும் அவ்வளவாக இல்லை.

"பெரியம்மா, இது மலையில ஓடறவங்க கண்டுபிடிச்சது" என்று அவன் பெருமையாக ஆரம்பித்தான். நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, தஞ்சாவூர் வந்ததும் சாப்பாட்டு இடைவேளையில் போனில் தேடித் தேடிப் படித்தேன். மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கிறது என்று கண்டுகொண்ட ஓட்டக்காரர்கள் ஆரம்பித்த கம்பெனியாம். மற்றவர்களெல்லாம் அடியை மெலிதாக்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் கனமாக்கினார்களாம். கனம் கண்ணுக்குத்தான், கையில் எடுத்தால் பஞ்சு. முதலில் ஊர் சிரித்ததாம். பிறகு நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் வாங்கினார்கள், அடுத்து முட்டிவலிக்காரர்கள், அப்புறம் நின்றே வேலை செய்கிற சமையல்காரர்கள், வாத்தியார்கள். கடைசியில் நர்ஸுகள். எந்த நாட்டு நர்ஸுகளோ, நன்றாக இருக்கட்டும். படித்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசி போடப் போனேன். அன்று என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பாவம்.

யோசித்துப் பார்த்தால் அந்த ஷூவின் கவர்ச்சியே அதன் அசிங்கம்தான். இவ்வளவு கோரமாக இருந்தும் ஒருத்தி போட்டுக்கொண்டு திரிகிறாள் என்றால் உள்ளே என்னவோ சுகம் இருந்தே ஆகவேண்டும் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். நகையைப் பார்த்து வருகிற வயிற்றெரிச்சல் ஒரு கல்யாணத்தோடு தீர்ந்துவிடும். இது தினமும் குதிகாலில் வந்து நின்றது.

"சம்பளக்காரிதானே, நீயும் ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றார் என் வீட்டுக்காரர். தஞ்சாவூர்க் கடையிலேயே கிடைத்தது. ஆனால் வாங்கினால் ஓர்ப்படியைப் பார்த்து வாங்கினாள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவள் நினைப்பாள். அவள் நினைக்காவிட்டாலும் நினைத்தாள் என்று நான் நினைப்பேன். கால் வலித்தால் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷூவோடு போயிருந்தால் பரவாயில்லை. வயலும் அதில் வந்து சேர்ந்துகொண்டது.

என் மாமனார் காலம் வரைக்கும் எங்கள் ஆட்கள் மிராசுதார் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். மாமனார் கொடி பிடித்தார், அடி வாங்கினார், ஜெயிலுக்கும் போனார். கடைசியில் நில உச்சவரம்புச் சட்டத்தில் மிஞ்சிய நிலத்திலிருந்து ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், அவர் பேருக்குப் பட்டாவானது. நான் மருமகளாக வந்தபோது ஆற்றில் தண்ணீர் வருவதும் வராததும் கர்நாடகத்தின் கையில் இருந்தது. என் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கி போர்வெல் இறக்கினோம். அன்றிலிருந்து ஊரில் அதற்கு 'நர்சம்மா வயல்' என்று பேர். எங்கள் பக்கம் ஒரு வயலுக்குப் பட்டாவில் ஓர் எண் இருக்கும், ஊர் வாயில் ஒரு பேர் இருக்கும். ஆள் கூப்பிடவும், மடை திறக்கவும், சண்டை போடவும் ஊர் வாயில் இருக்கிற பேர்தான் உதவும். எனக்குப் பிள்ளை இல்லை. என்னைச் சொல்லி அந்த ஊரில் நிற்கப்போவது அந்தப் பேர் ஒன்றுதான்.

அந்த வயலின் குறுக்கே புறவழிச்சாலை போகிறது என்றார்கள். ஒரு கட்சியின் ஆட்சியில் அளந்து கல் நட்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் எங்கள் வரப்பில் வந்து நின்று, "ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க விடமாட்டோம்" என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். கல் பிடுங்கப்படவில்லை. கல்லுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

ஊர்ப் பெண்கள் மறியலுக்குக் கிளம்பினார்கள். தாசில்தார் ஆபீஸ், அப்புறம் கலெக்டர் ஆபீஸ். ரப்பர் செருப்புகளுக்கு நடுவே என் ஓர்ப்படி மட்டும் நீல ஷூவில் நடந்தாள். டிவிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கேமரா அவள் காலில் ஆரம்பித்து மெதுவாக முகத்துக்குப் போகும். "விவசாயிங்கறீங்க, ஷூ போட்டிருக்கீங்களேம்மா?" என்று ஒரு மைக் கேட்டது.

"ஏன் சார், சோறு போடறவளுக்குக் காலு வலிக்கக் கூடாதா?" என்றாள்.

வார்டு டிவியில் நான் அதைப் பார்த்தேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கிழவர்கூடக் கையைத் தட்டப் பார்த்தார். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய பதில் அது. என் காலுக்கு உரிய பதில். ஆனால் நான் அரசு ஊழியர், மறியல் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அந்த வாரத்திலேயே ஊரில் அவளுக்கு 'ஷூக்காரம்மா' என்று பேர் விழுந்துவிட்டது.

மார்கழியில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், மெஷின் வருகிறது என்று தகவல் வந்தது. காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். "நீ ரோட்டோரமா நில்லு, உள்ள கால வச்சா வேல போயிடும்" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடியதில் என் செருப்பு வார் அறுந்துபோனது.

பயிர் நிற்கும் வயலில் எங்கள் ஆட்கள் செருப்புக் காலோடு இறங்கமாட்டார்கள். மண்வெட்டும் மெஷின் அங்கே உறுமிக்கொண்டிருக்கிறது, போலீஸ் வேன் நிற்கிறது. இவர்களோ கோயில் வாசல் மாதிரி ரோட்டோரம் செருப்பை விட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக இறங்குகிறார்கள். என் ஓர்ப்படி உட்கார்ந்து நிதானமாக லேஸை அவிழ்த்து, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, ஷூவைச் சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம்தான் சேற்றில் கால் வைத்தாள்.

பெண்கள் கிழக்கு மூலையில் கைகோத்து நின்றார்கள். நான் அறுந்த செருப்போடு ரோட்டில். கீழெல்லாம் கருவை முள். எதிரே அந்த ஷூ. முள்ளுக்காகத்தான் போட்டேன் என்று சொல்லலாம். முள் இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். உள்ளே கால் போனதும் குதிகால் ஆணி எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது. இத்தனை மாசமாக இதிலா இவள் நடந்துகொண்டிருந்தாள்?

அதற்குள் டிரைவர் கிழக்கே நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு, மெஷினைத் திருப்பி மேற்கு வரப்பு வழியாக நான் நின்ற பக்கம் வந்தான். அந்த வரப்பில் என் போர் ஷெட் இருக்கிறது. நான் யோசிக்கவில்லை. ஷூக் காலோடு பயிருக்குள் இறங்கி, ஷெட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றேன். எங்கள் குடும்பத்தில் கதிர் வந்த பயிரை ஷூவால் மிதித்தவள் நான் ஒருத்திதான். மண் அள்ளுகிற இரும்புக் கொப்பரை என் முட்டிக்கு எதிரே வந்து நின்றது. டிரைவர் கத்தினான். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

ஒரு பெண் போலீஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. அவளுடைய பிரசவம் என் வார்டில்தான் நடந்தது. "சிஸ்டர், நீங்களா? உங்களுக்கு எதுக்கு இது? பேரு எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான். போங்க, போங்க" என்று ரோட்டுக்குத் தள்ளிவிட்டாள். மெஷினை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். என் ஓர்ப்படி வெறுங்காலோடு ஏறினாள்.

மறுநாள் பேப்பரில் பெரிய படம். கதிர்கள், இரும்புக் கொப்பரை, அதன் முன்னால் சேறு அப்பிய நீல ஷூ, முட்டிவரை புடவை. முகம் இல்லை. டீக்கடையில் பேப்பர் கிழிகிற அளவுக்கு இழுத்துப் பார்த்தார்கள். "ஷூக்காரம்மாடா! மெஷினையே நிறுத்திட்டாங்கடா!"

படத்தில் இருந்தது என் கால். என் பச்சைக் கரைப் புடவை. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், திருடனுக்குத் தேள் கொட்டியது போல. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதல் நாள் அவள் கட்டியிருந்தது சிவப்பு. அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்து, மெஷினை மறித்தது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றாள் என் ஓர்ப்படி, மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டபடியே. "ஷூவைப் பாத்தாத் தெரியலீங்களா?"

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். கேஸும் அவள் பேரில்தான் விழுந்தது. அவள் வாய்தாவுக்கு நடந்தாள். அந்தக் கேஸைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்ட ஜென்மம் நான். ஏட்டு போனபிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, அளவு சரியா இருந்துச்சா?" கிண்டலா, அன்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

கோர்ட்டில் தடை வாங்கியதால் அந்தப் போக விளைச்சல் தப்பியது. மாசியில் அறுப்பு. சேலம் பக்கத்திலிருந்து அறுவடை வண்டி வந்தது. அவளுக்கு அன்று வாய்தா, அதனால் அறுப்பைப் பார்க்க நான் வந்திருந்தேன். டிரைவர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"எந்த வயலுங்க? நர்சம்மா வயல்னு சொல்லியிருந்தீங்க. டீக்கடையில கேட்டா யாருக்கும் தெரியலீங்களே."

"போர் ஷெட் இருக்கும் பாருங்க. ஆறு மா."

"எல்லா வயல்லயும் போர் ஷெட் இருக்குதுங்க. வண்டிக்கு மணிக்கணக்குல வாடகைங்க, சீக்கிரம் சொல்லுங்க."

கதிர் சாய்ந்து கிடந்தது. மேற்கே மேகம் வேறு கட்டிக்கொண்டு வந்தது. வரப்பில் நின்றபடி நானே சொன்னேன்: "ஷூக்காரம்மா வயல்னு கேளுங்க."

"அட, அப்படிச் சொல்லுங்க! பேப்பர்ல வந்துச்சே, அந்தக் காலுதானே? என்ன தைரியம்ங்க அந்தம்மாவுக்கு!"

"ஆமாங்க" என்றேன்.