அண்ணனின் உள்ளங்கைகளுக்குள்

எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அண்ணன். பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த மேல்மாடியும் அவருடையதே. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பமாக ரொக்ஸ்பரோவில் இருந்த அவர் வீட்டுக்குப் போவோம். விருந்து என்று பெயர். மனைவி நேரே சமையலறைக்குள் போய்விடுவாள். நான் பனி தள்ளுவேன். யாரும் ஏவுவதில்லை. பனி அள்ளும் சவள் மட்டும் வாசலில் எனக்காகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

அந்த மாரியில் அகாடி மெற்றோவுக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்து, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அண்ணனிடம் சொல்வதுதான் பாக்கி. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் போனேன். சொல்ல வாய் வராமல், வாசற்படிகளையும் சேர்த்துத் துப்புரவாக்கிவிட்டு வந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் ஐரோப்பிய, ஜப்பானிய நிலப்பிரபுத்துவத்தை ஒப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. ஒத்திகை அண்ணன் வீட்டு வரவேற்பறையில் நடந்தது.

“பெரியப்பா, நீங்கள்தான் பிரபு. கதிரையில இருங்கோ. அப்பா, நீங்கள் முழங்கால்ல நில்லுங்கோ.”

எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. கூப்பிய கைகளை நீட்டினேன். அண்ணன் அவற்றைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

“ஐரோப்பாவில இப்பிடித்தான் சத்தியம் செய்வினம். இவர் பிரபுவுக்காகச் சண்டைக்குப் போவார். பிரபு இவரைக் காப்பாற்றவேணும். பிரபு பிழைவிட்டால் இவர் விலகலாம்.”

“ஜப்பானில?” என்றார் அண்ணன்.

“அங்க ஒப்பந்தம் அவ்வளவு பெரிசில்லை. பிரபு தகப்பன் மாதிரி. சாமுராய்க்கு விசுவாசம்தான் எல்லாம்.”

“பாத்தியே, அதுதான் நல்லது. நாங்களும் ஜப்பான்தான்.”

“ஓம் பெரியப்பா. அதுதான் அப்பா வேற வீடு பார்த்ததை உங்களிட்டச் சொல்லப் பயந்துகொண்டு திரியிறார்.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. என் கைகள் இன்னும் அவர் பிடிக்குள் இருந்தன.

“எப்ப போறாய்?”

“யூலை முதலாம் திகதி, அண்ணை.”

வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து நகரமே வீடு மாறும் நாள் அது.

“விசரா, அண்டைக்குச் சாமான் ஏத்த எங்க வான் பிடிப்பாய்? என்ர வான் நிக்குது. நானே ஓடுறன்.”

நான் எதிர்பார்த்தது ஒன்றில் கோபம், இல்லாவிட்டால் விடுதலை. கிடைத்தது வான். நன்றி சொல்லி எழுந்தேன். வெளியே மறுபடி பனி கொட்டத் தொடங்கியிருந்தது. சவளை எடுத்தேன்.

மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, நீங்கள் இப்ப விலகியாச்சு. இதெல்லாம் இனிச் செய்யத் தேவையில்லை.”

“வான் தாறாரெல்லே, பிள்ளை,” என்றேன்.